கோகோ பீட்டைக் கொதிக்க வைத்தால் வேர்ப்பூச்சி போய்விடுமா?

வேரைத் தின்னும் பூச்சியில் பெரிய தொல்லை, அது இருப்பதே நமக்குத் தாமதமாகத்தான் தெரியும். இலை லேசாக மஞ்சளாகும், செடி வளராமல் அப்படியே நிற்கும், மதிய வெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிரும். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம், அது பூச்சிக்குத்தான் வசதியாகப் போகும். கடைசியில் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் நூல் மாதிரி இருக்கவேண்டிய இளவேர்கள் எல்லாம் போய், தடித்த வேர் நாலு மட்டும் மிச்சம் இருக்கும். உடனே பழி விழுவது தொட்டியில் நிரப்பிய தென்னை நார்த்தூள் மேல், அதாவது கோகோ பீட் மேல். வாங்கும்போதே பூச்சியோடு வந்துவிட்டது, இனிமேல் கொதிக்க வைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று முடிவு கட்டிவிடுவோம்.

இந்த முடிவு பாதிதான் சரி. சூடாக்கினால் பூச்சியும் முட்டையும் சாகும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த கோகோ பீட்டுக்கு அது தேவை, எத்தனை டிகிரி வரை போக வேண்டும், சூடு ஆறியதும் அதை என்ன செய்கிறோம் என்ற மூன்றையும் யோசிக்காமல் வெந்நீரை மட்டும் ஊற்றினால் பெரும்பாலும் வேலைதான் மிச்சம். இந்த மூன்றில் கடைசிதான் முக்கியம் என்பது என் கருத்து, அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில், பூச்சி எங்கிருந்து வருகிறது? தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற தூள்தான் கோகோ பீட். மட்டைக்குள் வேர்ப்பூச்சி எதுவும் குடியிருப்பதில்லை. நாரைப் பிரித்த பிறகு அந்தத் தூளை வெட்டவெளியில் குவித்து வைப்பார்கள், சில இடங்களில் மாதக்கணக்கில் கிடக்கும், மழை நனைக்கும், பக்கத்திலிருந்து களை விதை பறந்து வந்து விழும், குவியலின் அடிப்பகுதி மண்ணோடு ஒட்டியிருக்கும். பூச்சியும் கிருமியும் வெளியிலிருந்து நுழைவது இந்தக் கட்டத்தில்தான். அப்புறம் காய வைத்து, சலித்து, இயந்திரத்தில் அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். அப்படி அழுத்திய கட்டியில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். பூஞ்சைக் கொசுவின் முட்டையும் புழுவும் அந்த வறட்சியைத் தாங்காது. தாங்கக்கூடியவை சில பூஞ்சை வித்துகளும் களை விதைகளும்தான்.

அதனால் நன்றாகக் காய்ந்து இறுகி, உறை பிரியாமல் வந்த கட்டியில் உயிரோடு பூச்சி இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஈரமாக, உதிரியாக, மூட்டையில் வருவது வேறு விஷயம். அது எங்கே எத்தனை நாள் திறந்து கிடந்ததோ தெரியாது. ஏற்கெனவே ஒரு செடி வளர்ந்து முடிந்த பழைய தூள் அதைவிட ஆபத்தானது. அதில் பழைய வேர்த்துண்டுகள் இருக்கும், அந்த வேருக்குள் என்னென்ன இருக்கும் என்பது அந்தச் செடிக்குத்தான் வெளிச்சம்.

பூஞ்சைக் கொசு என்றேனே, ஃபங்கஸ் நாட் என்று பலருக்குத் தெரிந்த அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம், ஏனென்றால் கோகோ பீட்டில் வரும் புகார்களில் பெரும்பங்கு இதனுடையது. வளர்ந்த பூச்சி கறுப்பாக, நீளக் காலோடு, கொசுவைவிடச் சின்னதாக இருக்கும். தண்ணீர் ஊற்றும்போது தொட்டியின் மேற்பரப்பிலிருந்து கிளம்பி, கொஞ்ச தூரம் தள்ளாடிப் பறந்து மறுபடி உட்காரும். அது செடியை ஒன்றும் செய்யாது. வேலையைக் காட்டுவது அதன் புழுதான். 5 மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் வெள்ளை உடம்பு, பளபளக்கும் கறுப்புத் தலை. உள்ளே தின்றது கருங்கோடாக வெளியே தெரியும். ஈரத்தில் வளரும் பூஞ்சையும் மக்கும் பொருளும்தான் அதற்கு முதல் உணவு, அது குறைந்தாலோ கூட்டம் பெருகினாலோ வேர்த் தூவிகளையும் இளவேர்களையும் கடிக்கும். கடித்த காயத்தின் வழியாக பித்தியம் மாதிரி அழுகல் நோய்க் கிருமிகள் நுழையும். ஒரு பெண் பூச்சி 100-லிருந்து 200 முட்டை வரை இடும். 24 டிகிரி வாக்கில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறைப் பூச்சி வர மூன்று நான்கு வாரம் போதும். நாற்றுத் தட்டில் இது புகுந்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும்.

மற்றவை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வந்தால் போகாது. வேர் மாவுப்பூச்சி வேரின் மேல் வெள்ளை மெழுகுப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும், தொட்டியின் உள்சுவரிலும் அந்த வெள்ளைப் பூச்சு தெரியும். வேர்முடிச்சு நூற்புழு கண்ணுக்குத் தெரியாது, வேரில் உண்டாகும் முண்டுகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். தண்ணீர் விட்டால் துள்ளிக் குதிக்கும் பொடி வெள்ளைப் பூச்சிகளைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அவை பெரும்பாலும் ஸ்பிரிங்டெயில், மக்குவதைத் தின்று வாழ்பவை. அதற்காக அடுப்பு பற்றவைக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சரியாகக் கழுவாத கோகோ பீட்டில் சோடியமும் பொட்டாசியமும் அதிகம் இருக்கும். அந்த உப்பாலும் வேர் நுனி கருகும், செடி வளராமல் நிற்கும். பூச்சியே இல்லாமல் பூச்சி அடித்தது போலவே தோன்றும். வேரைக் கழுவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, புழுவோ முண்டோ வெள்ளைப் பஞ்சோ எதுவுமே இல்லை என்றால் முதலில் உப்பின் அளவைக் காட்டும் இ.சி. மீட்டரை எடுப்பதுதான் சரி.

இப்போது சூட்டுக்கு வருவோம். எல்லா உயிரும் ஒரே சூட்டில் சாவதில்லை. ஈரமான நிலையில் 30 நிமிடம் என்ற கணக்கில், நூற்புழுக்கள் 50 டிகிரி வாக்கிலேயே முடிந்துவிடும். நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், ரைசாக்டோனியா போன்றவை 60 டிகிரியைத் தாண்டுவதில்லை. பூச்சி, புழு, முட்டை, நோய் உண்டாக்கும் பெரும்பாலான பாக்டீரியா எல்லாம் 60-லிருந்து 70-க்குள். களை விதைகளுக்கு 70-லிருந்து 80 வரை போக வேண்டும். அதற்கு மேலும் தாக்குப்பிடிப்பவை சில கடினமான விதைகள், வித்தாக உறங்கும் சில பாக்டீரியாக்கள், அப்புறம் காய்ந்த செடித் துணுக்குகளில் ஒளிந்திருக்கும் புகையிலை மொசைக் போன்ற வைரஸ்கள். ஆக, வேர்ப்பூச்சிக்காக 70 டிகிரியை அரை மணி நேரம் பிடித்து வைத்தாலே போதும். 100 டிகிரிக்கோ, குக்கரின் 121 டிகிரிக்கோ போவதால் பூச்சி விஷயத்தில் கூடுதல் லாபம் ஒன்றும் கிடையாது.

லாபம் இல்லாததோடு நஷ்டமும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் ஆய்வாளராக இருந்த கென்னத் பேக்கர் 1960-களிலேயே இதைத்தான் வலியுறுத்தினார். நீராவியோடு காற்றைக் கலந்து 60 டிகிரியில் நிறுத்தினால், நோய்க்கிருமி சாகும், வெப்பம் தாங்கும் நல்ல நுண்ணுயிர்களில் ஒரு பகுதி பிழைக்கும், அவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் இடம் காலி. அடுத்து எது முதலில் வந்து விழுகிறதோ அது போட்டியே இல்லாமல் பரவும். அப்படி முதலில் வருவது பித்தியமாக இருந்தால், சூடாக்காத கலவையைவிட இதில் நாற்று வேகமாக அழுகும். தீவிரமாகக் கிருமிநீக்கம் செய்தவருக்கே நாற்று அதிகம் சாவதன் காரணம் பல நேரம் இதுதான்.

சரி, 70 டிகிரிக்கு எப்படிப் போவது? கையில் இருக்கும் எளிய வழி கொதிநீர். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பார்க்காததால்தான் பலருக்கு இது வேலை செய்யாமல் போகிறது. 650 கிராம் காய்ந்த கட்டி ஒன்றை எடுத்து அதில் 4 லிட்டர் கொதிநீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். காய்ந்த தூள் தன்னைச் சூடாக்கிக்கொள்ள எடுக்கும் வெப்பம் ரொம்பக் கொஞ்சம், அதனால் கலவை ஏட்டுக் கணக்கில் 95 டிகிரி வரை வரும். பாத்திரமும் காற்றும் இழுத்துக்கொள்வதைக் கழித்தாலும் 80-க்கு மேல் நிற்கும். இப்போது அதே கட்டியை முதலில் 4 லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் 4 லிட்டர் கொதிநீர் ஊற்றினால்? உள்ளே ஏற்கெனவே 28 டிகிரியில் 4 லிட்டர் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. ஏட்டுக் கணக்கே 63 டிகிரிதான், உண்மையில் 60-க்குக் கீழே இறங்கி மளமளவென்று ஆறிவிடும். ஈரமான தொட்டியின் மேல் ஒரு செம்பு வெந்நீர் ஊற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மேலே ஒரு விரற்கடை தாண்டாது, செடி இருந்தால் வேர்தான் வெந்துபோகும்.

அதாவது கொதிநீர் காய்ந்த கட்டிக்குத்தான். கழுவி உப்பெடுக்க வேண்டியிருந்தாலும் முதலில் கொதிநீர், கழுவுவது பிறகு. கட்டியை உடைத்து உலோகப் பாத்திரத்தில் போட்டு ஊற்றுங்கள், மெல்லிய பிளாஸ்டிக் வாளி நெளிந்துவிடும். கட்டியின் வெளிப்புறம் ஊறி உப்பும்போது நடுப்பகுதி இன்னும் காய்ந்தே இருக்கும், அதனால் பத்து நிமிடம் கழித்து நீளக் கரண்டியால் அடிவரை கிளறி, மூடியால் மூடி, சாக்கோ பழைய கம்பளியோ சுற்றி வையுங்கள். தெர்மாமீட்டரை நடுவில் செருகிப் பாருங்கள், அரை மணி நேரம் கழித்தும் 70 காட்டினால் வேலை முடிந்தது. காட்டவில்லை என்றால் அந்தப் பாத்திரத்தையே சிறு தீயில் வைத்துக் கொஞ்சம் ஏற்றலாம், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஈரமான தூளுக்கும் பழைய தூளுக்கும் நீராவிதான் நல்லது. காரணம் எளிது. ஒரு கிலோ நீராவி தண்ணீராக மாறும்போது கிட்டத்தட்ட 2,260 கிலோஜூல் வெப்பத்தை விட்டுக்கொடுக்கும், அதே ஒரு கிலோ கொதிநீர் 100-லிருந்து 60 டிகிரிக்கு ஆறும்போது தருவது 170 கிலோஜூல்தான். அதனால் தூளைச் சொதசொதவென்று ஆக்காமலேயே சூடேற்ற முடிகிறது. டிரம்மில் ஒரு சாண் தண்ணீர், அதற்கு மேல் துளையிட்ட தட்டு, அதன் மேல் தளர்வாகக் கட்டிய சாக்கில் கோகோ பீட், மேலே மூடி. பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் அளவு ஈரம் இருந்தால் போதும். இங்கேயும் ஏமாற்றுவது நடுப்பகுதிதான். கோகோ பீட்டுக்குள் காற்று நிறைய, வெப்பம் மெதுவாகத்தான் நுழையும், வெளியே ஆவி பறந்தாலும் சாக்கின் நடுவில் 40 டிகிரியாக இருக்கலாம். 30 நிமிடத்தை எண்ணத் தொடங்குவது நடுவில் 70 வந்த பிறகுதான்.

பிரஷர் குக்கரில் வைப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. தூளை நேராகக் குக்கரில் கொட்டாதீர்கள். மிதக்கும் தூளும் நாரும் ஆவி போகும் துளையை அடைத்தால் குக்கர் வெடிக்கும் அபாயம் உண்டு. தனிப் பாத்திரத்தில் போட்டு, மேலே துணி கட்டி, குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல் வைக்க வேண்டும். மைக்ரோவேவ் நாற்றுத் தட்டு ஒன்றுக்கு வேண்டிய அளவுக்குச் சரி, ஆனால் தூள் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்த தூள் கருகித் தீப்பிடிக்கும். ஓவனில் வைத்தால் நாற்றம்தான் மிச்சம், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெயில் இருக்கிற இடத்தில் அதற்கு ஈடு எதுவும் இல்லை, செலவும் இல்லை. ஈர நிலத்தைக் கண்ணாடி போன்ற பாலித்தீனால் மூடி வெயிலிலேயே வேக வைக்கும் முறையை 1976-ல் இஸ்ரேலைச் சேர்ந்த யாக்கோவ் கட்டானும் அவருடைய குழுவும் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நிலத்துக்கு நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஒரு பையில் இருக்கும் கோகோ பீட்டுக்கு அவ்வளவு நாள் வேண்டாம், கீழே குளிர்ந்த நிலம் இழுத்துக்கொள்வது இல்லையே. ஈரமான தூளை ஒளி ஊடுருவும் பையில் ஒரு சாணுக்கும் குறைந்த கனத்தில் பரப்பி, தரையில் படாமல் பலகை மேல் வைத்து, அதன் மேல் இன்னொரு ஒளி ஊடுருவும் பாலித்தீனைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டினால், நல்ல வெயிலில் உள்ளே 60 டிகிரியைத் தாண்டும். நடுவில் 70 டிகிரி அரை மணி நேரமோ 60 டிகிரி ஒரு மணி நேரமோ நின்றால் போதும் என்பதுதான் கலிஃபோர்னியா நாற்றுப் பண்ணைகளுக்கான அளவுகோல். கறுப்புப் பாலித்தீன் வேண்டாம், அது தான் சூடாகுமே தவிர வெயிலை உள்ளே விடாது.

மருந்து ஊற்றிச் சுத்தம் செய்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கும், நுரைப்பதைப் பார்த்துப் பூச்சி சாகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தூளிலும் வேரிலும் இருக்கும் நொதிகள் அதை உடைப்பதால் வருவதுதான் அந்த நுரை. தொட்ட புழு சாகலாம், ஆனால் சில மணி நேரத்தில் அது தண்ணீரும் ஆக்சிஜனுமாக முடிந்துபோகும், அடுத்த வாரம் பொரிக்கும் முட்டைக்கு அதனால் பயன் இல்லை. பிளீச்சிங் திரவத்தின் குளோரின் கோகோ பீட்டோடு வினைபுரிந்தே வலுவிழந்துவிடும், போகிற போக்கில் சோடியத்தையும் விட்டுப் போகும். தொட்டியையும் தட்டையும் கழுவ அது நல்லது, தூளுக்கு வேண்டாம். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும், பக்கத்தில்கூட வரக்கூடாது.

இனி நான் முக்கியம் என்று சொன்ன பகுதி. சூடாக்கிய கோகோ பீட் வெதுவெதுப்பாக, ஈரமாக, போட்டியில்லாமல் இருக்கிறது. அதை ஆறட்டும் என்று திறந்த தட்டில் பரப்பி இரவு முழுக்க விட்டால் பூஞ்சைக் கொசுவுக்கு நாமே வாசல் திறந்து வைத்த மாதிரிதான். மூடியபடியே ஆற வேண்டும், அல்லது நெருக்கமாக நெய்த துணியால் மூடியிருக்க வேண்டும். கொசுவலை போதாது, பூஞ்சைக் கொசு அதில் நுழைந்துவிடும். கழுவும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், திறந்த தொட்டியில் தேங்கிய நீரில் கழுவினால் பித்தியத்தை நாமே திருப்பிக் கொண்டுவருகிறோம். பழைய தொட்டியைச் சுரண்டிக் கழுவாமல் அதிலேயே கொட்டுவதும் அப்படித்தான். மொத்தமாகச் சூடாக்கி மாதக்கணக்கில் ஈரமாகச் சேமிக்காதீர்கள், சில நாளில் பயன்படுத்தும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள். மிச்சத்தைக் காய வைத்து மூடி வைக்கலாம்.

உரம் சேர்க்கும் வரிசையும் முக்கியம். மெதுவாகக் கரையும் உர உருண்டைகளைச் சூடாக்கினால் மேல்பூச்சு விரிந்து மொத்த உப்பும் ஒரே நாளில் வெளியே வரும். மக்கிய உரத்தைச் சூடாக்கினால் அமோனியா கிளம்பி இளவேரைக் கருக்கும். ஆகவே கோகோ பீட்டை மட்டும் தனியாகச் சூடாக்கி, ஆறிய பிறகு மற்றதைக் கலக்க வேண்டும். ஆனால் அங்கேதான் பூச்சி திரும்ப வருகிறது! பல தொட்டிகளில் பூஞ்சைக் கொசு வந்த வழி கோகோ பீட்டே கிடையாது, அதில் கலந்த மண்புழு உரமும் அரைகுறையாக மக்கிய கம்போஸ்ட்டும்தான். அவை ஈரமாகவே விற்கப்படுகின்றன, பூச்சிக்குப் பிடித்த உணவும் அவைதான். நாற்றுத் தட்டில் அவற்றை அறவே தவிர்த்துவிட்டு, இரண்டு இலை விட்ட பிறகு நீரில் கரைத்த உரம் கொடுப்பது பாதுகாப்பு. பெரிய தொட்டிக்குக் கலந்தே ஆக வேண்டுமென்றால், உரத்தை மூடிய பையில் வைத்து, உள்ளே மஞ்சள் ஒட்டும் அட்டை ஒரு துண்டு மாட்டி, மூன்று நான்கு வாரம் கவனித்துவிட்டுக் கலக்கலாம்.

கலவை 30 டிகிரிக்குக் கீழே ஆறியதும் டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் போன்ற நல்ல நுண்ணுயிர்களைச் சேர்ப்பது வீண் செலவில்லை. காலியான இடத்தில் முதலில் உட்கார வேண்டியவர்கள் அவர்கள்தான். சூடு ஆறுவதற்குள் சேர்த்தால் அவையும் செத்துவிடும்.

செடி வைத்த பிறகு நம் கையில் இருப்பது ஈரம் மட்டுமே. பூஞ்சைக் கொசு முட்டையிடுவது மேற்பரப்பில், புழுக்கள் பெரும்பாலும் மேலே 5 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் முட்டையில் பெரும்பகுதி பொரிக்காமலே போகும். கோகோ பீட் மேலே வெளுத்துக் காய்ந்தது போலவும் உள்ளே சொட்டச் சொட்ட ஈரமாகவும் இருக்கும், அதனால் நிறத்தை நம்பாமல் தொட்டியைத் தூக்கி எடை பார்த்துத் தண்ணீர் விடுங்கள். சந்தேகம் வந்தால் உருளைக்கிழங்கைச் சின்ன வில்லையாக நறுக்கி, வெட்டுப்பக்கம் தூளில் படும்படி அழுத்தி வையுங்கள், இரண்டு மூன்று நாளில் திருப்பிப் பார்த்தால் அடியில் கறுப்புத் தலையோடு புழு ஒட்டியிருக்கும். இருந்தால் பி.டி.ஐ. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்) என்ற பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து வாரம் ஒரு முறை, குறைந்தது ஒரு தலைமுறை முடியும்வரை ஊற்ற வேண்டும். அது புழுவைத்தான் கொல்லும், பறப்பதற்கு மஞ்சள் அட்டை. ஸ்டெய்னெர்னிமா ஃபெல்டியே என்ற நன்மை செய்யும் நூற்புழுவும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் 30 டிகிரிக்கு மேல் சூடாகும் தொட்டியில் அதை எதிர்பார்க்க முடியாது.

பழைய கோகோ பீட்டைத் திரும்பப் பயன்படுத்துபவர்கள் சூடாக்கும் முன் சலித்து வேரை எல்லாம் எடுத்துவிட வேண்டும். தடித்த வேருக்குள்ளும் முண்டுக்குள்ளும் சூடு தாமதமாகத்தான் போகும், முட்டை அங்கேதான் பத்திரமாக இருக்கும். போன செடியின் வேரில் முண்டு இருந்தது, அல்லது இலையில் மொசைக் வைரஸ் இருந்தது என்றால் நான் அந்தத் தூளைச் சூடாக்கவே மாட்டேன். வேரோடு சேர்த்து மூட்டை கட்டி அப்புறப்படுத்திவிட்டு, புதிய காய்ந்த கட்டி ஒன்றை உடைப்பது எல்லா வகையிலும் மலிவு. அதைக் கம்போஸ்ட் குழியில் போடுவதும் கூடாது, அந்தக் குழி எல்லா இடத்திலும் 60 டிகிரிக்குப் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவரை.